உதடு சொன்ன பெயர்

இத்தாலியில், ஃபெராரா நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த நீவெஸுக்கு, சின்ன வயதில் தான் ஒரு படத்தில் நடித்ததைப் பற்றிப் பேசவே பிடிக்காது. கடைக்கு வருகிறவர்கள் யாராவது அடையாளம் கண்டு, "அந்தக் குவாரிப் படத்துப் பொண்ணு நீங்கதானே?" என்று கேட்டால், "அது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஆனால் பொலோன்யாவில் பழைய படங்களைச் சீர்செய்யும் கூடத்திலிருந்து டான்க்ரேதி என்ற இளைஞன் விடாமல் போன் செய்தான். அந்தப் படத்தில் தணிக்கையின்போது வெட்டப்பட்ட காட்சி கிடைத்துவிட்டதாம்.

பளிங்குப் பாறை சரிந்து அப்பா செத்துப்போன சேதி கேட்டு, சிறுமி பாதிரியார் முன்னாலேயே கடவுளை ஏசுகிற காட்சி அது. மத நிந்தனை என்று கத்தரித்துவிட்டார்கள். பத்திரிகைகள் கொதித்தன. டைரக்டர் ரெனியேரி சாகும்வரை அந்தக் கத்தரிக்கோலைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"படம் இருக்கு, ஒலி இல்ல சிஞ்ஞோரா. அந்தக் காலத்துல எல்லாமே அப்புறமாப் பண்ற டப்பிங்தானே? வசனம் எங்ககிட்ட இருக்கு. ஆனா உங்க உதட்டசைவு அதோட ஒத்தே வரல. நீங்க வந்து ஒரு தடவ பாருங்களேன்."

போனாள். வராந்தாவில் ஒரு சிறுமி அம்மாவோடு உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சிக்கு டப்பிங் பேச வந்தவள்.

"நான் நல்லா அழுவேன். இப்பவே அழுது காட்டவா?" என்று அவளாகவே நீவெஸிடம் கேட்டாள்.

"சும்மா இரு ஜெம்மா, தொண்டை கட்டிக்கும்" என்று அம்மா அதட்டினாள்.

உள்ளே விளக்கை அணைத்தார்கள். ஒலியே இல்லாத திரையில் ஒன்பது வயது நீவெஸ் வாய் பிளந்து கதறினாள். முகம் கோணியது, மூக்கு ஒழுகியது. மண்ணில் விழுந்து புரண்டாள். உதடுகள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லின.

"என்னா நடிப்பு!" என்றான் டான்க்ரேதி. "எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்குது."

"நடிக்கல" என்றாள் நீவெஸ். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கதையில அப்பா பேரு சாந்த்ரோ. நான் ஜீனோ, ஜீனோன்னு கத்துறேன். அது எங்கப்பா பேரு."

அவன் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் காட்சியைப் படமெடுத்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. வெங்காயம் உரித்துக் காட்டினார்கள், திட்டினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. ரெனியேரி அவளைத் தனியே கூட்டிப்போய்த் தலையைத் தடவினார். "உங்கப்பாவோட லாரி மலைப்பாதையில உருண்டுடுச்சும்மா" என்றார். அவள் அலறியபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "பொய்தான், அசடே!" என்று அவர் சிரித்துக்கொண்டே கன்னத்தைக் கிள்ளினார்.

அவள் சொல்லி முடித்ததும் டான்க்ரேதி விளக்கைப் போட்டான். பிறகு மெதுவாக, "இந்தக் காட்சியை நான் சேக்காம விட்டா, அன்னிக்கு வெட்டினவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றான். அவளைக் குறை சொல்வது போல இல்லை அது. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"அவங்க கடவுளுக்கு வலிக்குமேன்னு வெட்டினாங்க. ரெனியேரி கலைக்காகச் சண்டை போட்டார். பேப்பர்காரங்க சுதந்திரத்துக்காக எழுதினாங்க. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல தம்பி. நீங்களாவது கேளுங்க."

"கேக்கறேன். காட்டலாமா?"

"வேண்டாம்."

அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். இன்று வேலை இல்லை என்று அவன் சொன்னதும் ஜெம்மாவின் முகம் தொங்கிவிட்டது. "நான் சரியா அழமாட்டேன்னு நினைக்கிறீங்களா?" என்று அவள் கேட்டது உள்ளே வரை கேட்டது.

மேலிடத்தில் பெரிய சண்டை நடந்ததாகப் பிறகு சொன்னார்கள். டான்க்ரேதியைக் கோழை என்றார்கள். அவன் அசையவில்லை. கடைசியில் அந்தச் சுருளை அழிக்காமல் பத்திரப்படுத்துவது, நீவெஸின் சம்மதமில்லாமல் திரையிடுவதில்லை என்று முடிவாயிற்று. கோடையில் சதுக்கத்தில் படம் போட்டபோது, 'நடித்தவரின் வேண்டுகோளின்படி ஒரு காட்சி சேர்க்கப்படவில்லை' என்ற வரி முதலில் வந்தது. சிலர் விசிலடித்தார்கள்.

மறுநாள் காலை அவளுடைய அப்பா ஜீனோ, எண்பதைத் தாண்டியவர், சமையலறையில் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னடி இது, புது சென்சார் ஆபீசர் கண்ணாடிக்கடையில இருக்காங்களாமே! எதுக்கு அதை எடுக்கச் சொன்ன?"

அவள் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக.

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. இருவரும் எழவில்லை.

"உசிரோட இருக்கானா அவன்?"

"செத்துட்டார் பப்பா."

"தப்பிச்சான்." பேப்பரை மடித்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க லாரி முழுக்க என் படத்தை ஒட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனீங்க. எப்படிச் சொல்றது?"

கிழவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தின் போஸ்டரைக் கழற்றப் போனார். ஆணி விடவில்லை.

நீவெஸ் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் பப்பா" என்றாள். "படம் நல்ல படம்தான்."