ஒரு நூல் உயரம்

சாவித்திரி இறந்த பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, வழக்கம்போல டயாலிசிஸுக்குப் புறப்பட்டு வந்து காரில் ஏறினாள். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பக்க இடது கதவு திறந்தது, லேசாகத் தாழ்ந்தது, மூடிக்கொண்டது. மூன்று வருடப் பழக்கத்தில் அந்நேரத்துக்குக் காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்த அவள் கணவர் வைரக்கண்ணு, கியரைப் போட்டார். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போய், ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணி நேரம் நிறுத்தியிருந்துவிட்டுத் திரும்பினார். வியாழனும் சனியும் அப்படியே. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குறுவை நடவு நேரம், அவரவர்க்கு வேலை இருந்தது. அவர் வயலில் நாற்றுப் பறித்த காத்தாயி மட்டும், "உசுரோட இருக்கையில தடுமாறி ஏற வுட்டாரு. இப்ப வாசப்படியிலயே வண்டியக் கொண்டாந்து நிறுத்துறாரு" என்றாள்.

காத்தாயிக்குத் தெரியாத ஒன்று உண்டு. சிறுநீரகம் கெட்டு சாவித்திரிக்குக் கால் வீங்கியிருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் கதவைப் பிடித்துத் தொங்குவாள். கார் பழசு. "கதவப் புடிச்சுத் தொங்காத, கீலு போயிடும்" என்று ஒருநாள் வைரக்கண்ணு சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பின் அவள் கதவைத் தொடவில்லை. தன் முட்டியைத் தானே ஊன்றி எழுந்துகொண்டாள். வைகாசியில் ஆஸ்பத்திரி வாசலில் அப்படி எழுந்தபோது சறுக்கி, தலையில் அடிபட்டு, மூன்றாம் நாள் போனாள். இப்போது அவள் மறுபடி கதவைப் பிடித்தாள். ஏறி உட்கார்ந்த பிறகும் கைப்பிடியை விடவில்லை. கதவு தாழும்போதெல்லாம் வைரக்கண்ணு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசிக்குள் கீல்கள் தேய்ந்துபோயின. தாராசுரம் வேகத்தடையில் கதவு தானாகத் திறந்துகொண்டது. வைரக்கண்ணு இடது கையை நீட்டிக் காலி சீட்டை மறித்துப் பிடித்தார். அன்றே ஜாஹித்தின் டிங்கரிங் பட்டறையில் வண்டியை விட்டார். ஜாஹித் இரண்டு கீல்களையும் மாற்றி, கதவுக்கும் பாடிக்கும் நடுவே சுற்றிலும் ஒரே இடைவெளி வரும்படி பொருத்திக் கொடுத்தான். பட்டறையில் அழகாக மூடிய கதவு, வியாழக்கிழமை சாவித்திரி கை வைத்ததும் தாழ்ந்து லாக்கில் சேராமல் நின்றது. வைரக்கண்ணு மறுபடி பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். ஜாஹித் காரணத்தைக் கேட்டுக்கொண்டான். கதவுக்கு அடியில் துணி சுற்றி ஜாக்கி கொடுத்தான்.

"அத்தை கை வெச்சா எவ்ளோ எறங்குது மாமா?"

"ஒரு நூல் இருக்கும்."

நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"அப்ப ஒரு நூல் ஏத்திக் கட்டிருவோம். ஆனா அத்தை இல்லாம மூடாது. கதவு ஒழுங்கா கட்டத் தெரியாதவன்னு ஊரே என்னயச் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும் மாப்ள. அவ இல்லாம நான் எங்க போகப் போறேன்?"

ஜாஹித் கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியை ஏற்றி, முறுக்கினான். அதன்பின் கதவு அவள் ஏறினால் மட்டுமே மூடியது. கார்த்திகையும் மார்கழியும் அப்படிக் கழிந்தன. வைரக்கண்ணுவின் வாழ்நாளில் அவருக்குச் சந்தேகமே இல்லாத நாட்கள் அவை.

தை அறுவடையின்போது கதவு முழுதாக இறங்கவில்லை. வைரக்கண்ணு தன் கையால் அழுத்திப் பார்த்தார். கையை எடுத்ததும் மேலேறிக்கொண்டது. ஜாஹித் கால் நூல் இறக்கிக் கொடுத்தான். "அத்தை எளைச்சிட்டாங்க மாமா" என்றான். மாசியில் இன்னொரு கால் நூல். பங்குனியில் இன்னொன்று. அதற்குள் கதவைத் திறக்கவும் அவளுக்குத் தெம்பில்லாமல் போய்விட்டது. வைரக்கண்ணுதான் சுற்றி வந்து திறந்துவிட்டார். "நல்லா தொங்கிப் புடி, கீலு போனா மாத்திக்கலாம்" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். கதவு அசையவில்லை.

சித்திரையில் ஜாஹித் கடைசிக் கால் நூலை இறக்கினான். சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தான். எங்கும் ஒரே இடைவெளி.

"இதுக்கு மேல எறக்க எடமில்ல மாமா. இனிமே யாரு இருந்தாலும் இல்லன்னாலும் மூடும்."

"கொஞ்சம் கோணலா கட்ட முடியாதா?"

"கட்டலாம். யாரு எறக்குவா?"

வைரக்கண்ணு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. அவர் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சேலையை ஒதுக்கி உட்கார ஆகும் நேரத்தை விட்டார். பிறகு ஒரு விரலால் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் மூடியது. சுற்றி வந்து ஏறினார். கியரில் கை வைத்தபடி பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"ஏறிட்டியா, சாவித்திரி?"