எந்த ஊராட்சியிலும் இல்லாத இடம்

மாவட்டத்து ஊராட்சி எல்லைகள் அத்தனையையும் ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும். சாதாரணக் கைபேசியிலும் அது சட்டென்று திறக்க வேண்டும். தஞ்சாவூரில் துரைராசு நடத்திவந்த சின்ன மென்பொருள் நிறுவனத்துக்குப் பக்கத்து மாவட்டத்திலிருந்து கிடைத்த வேலை அது. வாய்க்காலில் அசுத்தம் கண்டவர்கள் படம் எடுத்து அனுப்பினால், அந்த இடம் எந்த எல்லைக்குள் விழுகிறதோ அந்த ஊராட்சிக்குப் புகார் தானாகப் போய்ச்சேரும். வரைபடத்தைச் செய்தவள் வானதி.

எல்லைக்கோடுகள் ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டி வளைந்து வளைந்து போகிறவை. அவ்வளவு வளைவுகளையும் ஏற்றியபோது கைபேசி திணறி நின்றது. அவள் ஒவ்வொரு ஊராக எடுத்துச் சின்ன வளைவுகளைக் கழித்துக் கோடுகளை நேராக்கினாள். அதன் பிறகு வரைபடம் விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. துரைராசு எல்லோருக்கும் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார்.

குறுவை நடவு தொடங்கிய நேரம், உதவி எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள்.

"கீழ்வேளூர் பக்கத்துல ஆலங்கரைங்க. பேரு ரோஸ்லின். குத்தகைக்கு நெலம் எடுத்துப் பயிர் வைக்கிறேன். கக்கூஸ் லாரி ஒண்ணு வாய்க்கால்ல வந்து கொட்டிட்டுப் போவுது. படம் அனுப்புனா, 'இந்த இடம் எந்த ஊராட்சியிலும் இல்லை'ன்னு வருது. அப்ப என் வயலு எங்கங்க இருக்கு?"

வானதி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆலங்கரைக்கும் பக்கத்துப் புதுவெளிக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கீற்று. அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரே கோட்டை அவள் இரண்டு தடவை, தனித்தனியாக நேராக்கியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வளைவுகள் கழிந்ததால் அது இரண்டு கோடுகளாகப் பிரிந்து நடுவில் இடைவெளி விட்டிருந்தது. வாய்க்கால் அந்த இடைவெளிக்குள் கிடந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே அதைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை. மறுநாள் பஸ் பிடித்துக் கீழ்வேளூர் போனாள். ரோஸ்லின் மொபெட்டில் வந்து அழைத்துப்போனாள்.

வயல் தெரிவதற்கு முன்பே நாற்றம் வந்தது. நாற்றுக்கட்டுகள் வரப்பில் வாடிக் கிடந்தன. நடவுக்கு வந்த பெண்கள் சேற்றில் இறங்க மறுத்து ரோட்டோரம் நின்றார்கள். மடையில் யாரோ பயன்படுத்தி எறிந்த துணி சிக்கியிருக்க, மஞ்சள் நுரை அதைச் சுற்றிக்கொண்டு வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ரோஸ்லின் புடவையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். தோல் வெந்து உரிந்திருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டப்பகலில் லாரி வந்தது. டிரைவர் இறங்கிக் குழாயை வாய்க்காலுக்குள் விட்டுத் திறந்தான்.

"ஏய், நெறுத்துடா! படம் எடுக்குறேன் பாரு!" என்று கத்தினாள் ரோஸ்லின்.

"எடுத்துக்கக்கா. நானே எடுத்து அனுப்பிப் பாத்தேன். எந்த ஊர்லயும் இல்லன்னுதான் வருது. அதனாலதான் இங்க வர்றதே."

அவன் பொட்டலத்தைப் பிரித்து, கொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டே புரோட்டாவைப் பிய்த்துத் தின்றான். வானதி வரப்பில் குந்தி வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும் நாற்றம் போகவில்லை. சோறு இறங்கவில்லை. பொதுவான கோட்டை ஒரே கோடாக வைத்து, ஒரே தடவை நேராக்கி, அதையே இரண்டு ஊருக்கும் எல்லையாகக் கொடுத்தாள். மாவட்டம் முழுக்க இருந்த கீற்றுகள் மூடிக்கொண்டன. ரோஸ்லினின் புகார் ஆலங்கரை ஊராட்சிக்குப் போனது. ஆனால் அது மட்டுமல்ல, இதுவரை எங்கும் போய்ச்சேராத புகார்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொட்டத் தொடங்கின.

அந்த வாரமே, இந்த வேலையைக் கொடுத்த மாவட்ட அதிகாரி துரைராசுவையும் வானதியையும் கூப்பிட்டனுப்பினார்.

"எல்லா ஊராட்சியிலயும் சத்தம் போடுறாங்க. அந்தப் பழைய மேப்பையே போட்டுடுங்க" என்றார். கார் சாவியால் காதைக் குடைந்து, நுனியில் வந்ததை உற்றுப் பார்த்தார்.

"சார், அது தப்பான மேப். நான் பண்ணுன தப்பு. இப்பதான் சரியா இருக்கு."

"தப்பு ரைட்டெல்லாம் வேணாம்மா. அப்ப புகார் கம்மியா இருந்துச்சு. பாக்கவும் அழகா இருந்துச்சு."

"போட்டுடலாம் சார்" என்றார் துரைராசு. அதிகாரி சாவியை மேசை விரிப்பில் துடைத்துவிட்டு அவருக்குக் கை நீட்டினார். துரைராசு அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "அடுத்த மாவட்டமும் நமக்குத்தான்னு சொல்லியிருக்காரு. நீ வாயத் தொறக்காம இரு, வானதி" என்றார்.

"அந்தத் தண்ணியில ஒரு தடவ கால வச்சுட்டு வந்து சொல்லுங்க சார்."

அவள் மாற்ற மறுத்தாள். சாயங்காலத்துக்குள் வேறொருவரை வைத்து மாற்றிவிட்டார்கள். வெள்ளைக் கீற்றுகள் திரும்ப வந்தன. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், பிறகு அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை.

சில வாரம் கழித்து ரோஸ்லின் கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது.

"ரோட்டுலேருந்து வர்ற மண்பாதையக் குறுக்க வெட்டிட்டோம்மா, நானும் நடவுப் பொம்பளைங்களும். லாரி வர முடியல. நட்டாச்சு."

வானதிக்கு அன்றுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. "நல்ல காரியம்க்கா. அப்ப இப்ப எங்க கொட்டுறான்?"

"தெக்கால, மதகுக்குக் கீழ. அங்கயும் மேப்புல வெள்ளையாத்தான் இருக்காம்."

"அங்க யாரு வயல்க்கா?"

"யாருதோ இருந்துட்டுப் போவட்டும். நம்ம தண்ணி தெளிஞ்சிடுச்சுல்ல?"

வானதி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு நாள் வாங்கம்மா. வாய்க்கால்ல கெளுத்தி நெறைய ஏறியிருக்கு, நல்லாக் கொழுத்துப்போயி. கொழம்பு வைக்கிறேன்."

"சரிக்கா" என்றாள் வானதி. போனை வைத்த பிறகு வாயில் ஊறிய எச்சிலை விழுங்க முடியாமல், எழுந்து போய்த் துப்பினாள்.