ஒரு பிடி கல்லுப்பு

உப்பைப் போட்டது அவள் கை. அவளைக் கேட்டா போட்டது? தண்ணீர் லாரிக்கு முன்னால் இரண்டு குடத்தோடு நிற்கும்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

மழையில் கரண்டு போய் மூன்று நாள். மருந்துக்கடைகளெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், பாலத்தை அடைத்துவிட்டார்கள். பின்னால் நின்ற மாடிவீட்டு அக்கா பேச்சுக் கொடுத்தாள்.

"ஏம்மா ஐஸ்காரி, உன் வீட்டுக்காரர் ஊசி மருந்தை எப்படி வெச்சிருக்கே? கெட்டுப் போயிடாதா?"

"மீன் கிடங்குல ஒரு ஐஸ் பாளம் கிடைச்சுதுக்கா. மத்தியானம் உடைச்சு, பெட்டியில கொட்டி, மேல ஒரு பிடி கல்லுப்பைத் தூவி..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

இருபது வருஷமாக அவள் கைப்பிடி சுற்றி ஐஸ்கிரீம் செய்து விற்கிறவள். மரவாளியில் ஐஸ், நடுவில் பால் டப்பா, ஐஸ்மேல் உப்பு. வெறும் ஐஸில் எவ்வளவு சுற்றினாலும் பால் பாலாகவே இருக்கும். உப்பு விழுந்தால் ஐஸ் மளமளவென்று உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உருகின தண்ணீர் ஐஸைவிடக் குளிரும். டப்பாப் பால் கல்லாகும்.

டப்பா இருக்கிற இடத்தில் இன்று இரண்டு இன்சுலின் புட்டி.

"குடத்தைப் பாத்துக்கோக்கா!"

மூன்று மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் வீட்டுக்காரர், தையல்காரர், ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு புட்டியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஊசி. மூக்குக்கண்ணாடி மெஷின்மேல்.

"குத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன், பேய் துரத்துதா?"

"எடுக்கறப்போ கட்டியா இருந்துச்சா?"

"யாரு கண்டா? ஜில்லுன்னு இருந்துச்சு. கையில வெச்சுச் சூடு காட்டிக்கிட்டிருக்கேன்."

புட்டியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பளிங்குபோல் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பெட்டியில பால் பாக்கெட் இருந்துச்சே, அது எங்க?"

"அடுப்புல, சின்னத் தீயில. டீ போடலாம்னு எடுத்தேன். வெட்டறதுக்குள்ள என் கத்தரி மழுங்கிப் போச்சு. பாலா அது, பாறாங்கல்லு!"

அவள் பெட்டியைத் திறந்து கையை விட்டாள். பாளம் பாதியாகக் கரைந்திருந்தது. தண்ணீர் விரலைக் கடித்தது. துண்டில் சுற்றிக் கிடந்த இரண்டாவது புட்டியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"நான்தான்..." என்றாள். "ஐஸ்மேல உப்பைத் தூவிட்டேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புட்டியைப் பார்த்தார். பிறகு மருந்துப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். உறைந்த மருந்தை, உருகிய பிறகும், பயன்படுத்தக் கூடாது.

"அந்தப் பழைய புட்டியையாவது வெச்சிருக்கலாம்," என்றாள். "வெளியில கிடந்தது கெட்டிருக்கும், தூக்கிப் போடுங்கன்னு காலையில அதையும் நானேதான் சொன்னேன்."

தையல்காரர் தலையைச் சொறிந்தார். மெஷின் டிராயரை இழுத்தார். ஒட்டுத்துணி, அறுந்த பொத்தான், தீர்ந்த நூல்கண்டு. எதையும் தூக்கிப்போடத் தெரியாத மனுஷன். நூல் சுற்றும் பாபின்களுக்கு நடுவில் பழைய புட்டி கிடந்தது.

"உன்கிட்ட போட்டுட்டேன்னு சொன்னேன். திட்டாதே."

அவள் தாளைப் பிடுங்கிப் பரபரவென்று தேடினாள். கீழே, பொடி எழுத்தில் இருந்தது: திறந்த புட்டியைக்கூட வெயில் படாத இடத்தில் நான்கு வாரம் வெளியிலேயே வைக்கலாம்.

"இதை எப்பத் திறந்தோம்?"

"பதினோரு நாள் ஆச்சு."

அப்படியானால் ஐஸே வேண்டியிருந்திருக்கவில்லை. பயந்து பயந்து பாளத்தைச் சுமந்துவந்து, நல்ல மருந்து இரண்டையும் தன் கையாலேயே கொன்றிருக்கிறாள்.

அழுவதற்கு நேரமில்லை. உருகிய புட்டியின் மூடியைப் பெயர்த்து மருந்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். இரண்டாவதை மெஷின்மேல் வைத்து, அது இளகும்வரை கண்ணை எடுக்காமல் நின்று, அதையும் கொட்டினாள். நல்லதுபோலவே இருப்பதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பழைய புட்டியை ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஊசியின் கோட்டோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்பது வேளைக்கு வரும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பாலம் திறக்க ஐந்து நாளாகும் என்று லாரிக்காரன் சொல்லியிருந்தான்.

"ஒண்ணு குறையுதே," என்றாள்.

"ஒரு வேளை உன் ஐஸ்கிரீமைத் திங்காம இருந்தா சரியாப் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. அவர் ஊசி போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். எட்டு.

பிறகு செருப்பை மாட்டினாள்.

"குடத்துக்கா போறே?"

"பாலத்துக்கு. வண்டியைத்தானே விடமாட்டாங்க? ஆளை விடுவாங்களான்னு கேட்டுட்டு வரேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.