வயிற்றில் ஒரு குடித்தனம்

...ஒரே ஒரு மாத்திரை, போட்டுத் தண்ணீரைக் குடித்தால் ஆயிற்று, இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்று தன்னையே அதட்டிக்கொண்டாள், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், தேய்த்து முடித்த லென்ஸ் இன்னும் மெஷினில் ஈரமாக இருந்தது, சாப்பாட்டு நேரம் முடிய இருபது நிமிடம், வலதுபக்கத் தாடை விண்விண்ணென்று தெறித்தது. மாத்திரை விழுங்குவதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை, சின்ன வயதில் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவாள், தங்கைதான் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, பிறகு ஜன்னல் வழியாகத் துப்புவாள், எப்படிடி என்று கேட்டால் சொல்லித்தர மாட்டாள், இவளும் ரகசியமாக எத்தனையோ முறை முயன்றாள், வரவே இல்லை. பல் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார், சீழ் கழுத்துக்கு இறங்கினா மூச்சையே அடைச்சிடும்மா, இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. அப்ப வயித்துக்குள்ள இருக்கிறதெல்லாம் என்று இவள் கேட்டாள். கெட்ட கிருமியோட நல்லதும் போகும், எவ்வளவு மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது. வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்வதுபோல எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார், அங்கே குடியிருப்பது யார் என்று அவருக்கு எங்கே தெரியும்.

தங்கையுடையவை, கோடிக்கணக்கில். இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஏதோ மருந்து இவள் குடலில் இருந்த நல்லதையெல்லாம் துடைத்துப் போட்டது, நிற்காத பேதி, எடை முப்பத்தாறு கிலோ, ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் குடலில் விடலாம், அதிலுள்ள நல்ல கிருமிகள் அங்கே பெருகும் என்று பெரிய டாக்டர் சொன்னபோது கணவர் முகத்தைச் சுளித்தார், தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "சின்ன வயசுல உன் பழைய சட்டையெல்லாம் என் தலையில கட்டினே இல்ல, இப்ப நீ வாங்கிக்கோ, அளவு சரியா இருக்கும்." சரியாகத்தான் இருந்தது, பத்தே நாளில் இவள் எழுந்து நடந்தாள். கொடுத்தவள்தான் அந்த வருடமே சாலையைக் கடக்கும்போது... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

அந்தச் சிகிச்சைக்குப் பிறகுதானே தனக்கு இனிப்பு பிடிக்காமல் போனது? தங்கைக்கு இனிப்பே ஆகாது. மனப்பிரமை என்றார் கணவர், இருக்கலாம், ஆனால் அம்மா? ஒருநாள் பின்னால் வந்து நின்று கழுத்தோரம் முகர்ந்து, "அவ வேர்வை வாசனைடி" என்றாளே, அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்து இவள் மடியில் தலைவைத்துப் படுக்கிறாள், காதை வயிற்றில் அழுத்திக்கொள்கிறாள், உள்ளே கடமுடவென்றால் கண்ணைத் திறக்காமலே "பசிக்குதாடி" என்கிறாள், அது யாரைக் கேட்பது என்று இவள் கேட்டதில்லை. பயமாக இருக்கும், இருந்தும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இந்த மாத்திரையைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது, தங்கையிடமிருந்து உயிரோடு மிச்சமிருப்பதையும் நானே கொல்லப்போகிறேன் என்றா?

போன் அடித்தது, கணவர். "போட்டியா?" போடப்போறேன் என்றாள். "இப்பவே போடு, நான் லைன்லயே இருக்கேன், உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்." அந்தக் குரல் நடுங்கியதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது, இருப்பவர்களுக்காகத்தானே இருக்க வேண்டும், மன்னிச்சுக்கோடி என்று மனதுக்குள் சொல்லி, சிவப்பும் மஞ்சளுமான அந்த மாத்திரையை வாயில் போட்டு, டம்ளர் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முழுங்கிட்டியா? ம். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. கடையின் முன்பக்கம் பிரேம் போட்டுப் பார்க்கும் கண்ணாடியில் வீக்கம் எவ்வளவு என்று பார்க்க வாயைத் திறந்தாள், என்னவோ தோன்றி நாக்கைத் தூக்கினாள்... மாத்திரை முழுசாக, நிறம்கூடக் கரையாமல் அங்கே இருந்தது, வயிறு மெல்லக் கடமுடவென்றது, எனக்கு இது வராதே, எத்தனை தடவை முயன்றும் எனக்கு இது வந்ததே இல்லையே.