மச்சான் சீர் பேட்டரி

சக்கரபாணிக்கு வெற்றிவேலைக் கண்டால் ஆகாது. வெற்றிவேலுக்கோ சக்கரபாணி என்ற பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நடுவில் துர்கா இருந்தாள். ஒருவனுக்குத் தங்கை, இன்னொருவனுக்குப் பெண்டாட்டி. அவள் மட்டும் இல்லையென்றால் இரண்டு பேரும் என்றைக்கோ மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

சக்கரபாணி மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவன். கடல் என்றாலே குமட்டுகிறது என்று சொல்லி, அம்மா பவுனுவையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய் பேட்டரிக் கடை வைத்தான். கடலுக்குப் போகிற ஜனம் இதை மறக்கவும் மறக்காது, மன்னிக்கவும் மன்னிக்காது. அதே குப்பத்தில் தங்கையைக் கட்டிய வெற்றிவேல், அவனை நேரில் "கடைக்கார மச்சான்" என்றும் முதுகுக்குப் பின்னால் "கரையேறி" என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் சொல்வது முன்னால் கேட்கிற மாதிரிதான் சொல்வான்.

வெற்றிவேல் புது ஃபைபர் போட் இறக்கியபோது மச்சான் சீர் செய்ய வேண்டியிருந்தது. வேட்டி, மோதிரம் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சக்கரபாணிக்கு வீம்பு. கடையில் இருந்ததிலேயே பெரிய பேட்டரியை எடுத்து, அதற்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பழத்தட்டுகள் பின்னால் வர, மேளம் முன்னால் போக, தலைச்சுமையாகவே கரைக்குக் கொண்டுவந்தான். ஊரே வாயைப் பிளந்தது. அந்தச் சந்தோஷம் அடுத்த ஆடி வரைக்கும்தான் நீடித்தது.

ஆடியிலிருந்து அந்தப் பேட்டரி நடுக்கடலில் காலை வாரத் தொடங்கியது. வலையை விட்டு, இன்ஜினை நிறுத்தி, ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்து, விடியும்போது சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. வயர்லெஸ்ஸும் செத்துக் கிடக்கும். அந்த வழியாக எந்த போட் வருகிறதோ, அதைக் கூவிக் கூப்பிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். புது போட்டை இன்னொருவன் இழுத்து வருவதைவிட அவமானம் அந்தக் கரையில் வேறு கிடையாது.

அதற்குள் துர்காவுக்கு ஏழாம் மாதம் வந்துவிட்டது. தலைப்பிரசவம். வளையல் போட்டு, தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கேட்கப் போன பவுனுவை வாசலிலேயே நிறுத்திப் பேசினான் வெற்றிவேல்.

"ஒன் புள்ள குடுத்த பேட்டரி என்ன நடுக்கடல்ல உட்டுது. ஒன் வூட்ட நம்பி என் பொண்டாட்டிய உடறதா? மொதல்ல நல்ல பேட்டரிய எடுத்தாரச் சொல்லு. அப்பால பாக்கலாம்."

பவுனு அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தாள். சக்கரபாணிக்கு ரத்தம் கொதித்தது. தங்கையை அனுப்பவில்லை என்பது ஒரு பங்கு கோபம். தன் பேட்டரியைச் சொத்தை என்று சொன்னது மூன்று பங்கு. பேட்டரியில் கோளாறு இல்லை, அதைக் கையாளுகிறவனிடம்தான் கோளாறு என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் பாண்டிச்சேரிக்குப் போய் அந்த மீட்டரை வாங்கி வந்தான்.

மறுநாள் காலை கரையில், போட் ஓரமாக நின்றபடியே பேச்சு நடந்தது. வந்தவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இது பேட்டரி மானிட்டர். பேட்டரியில எவ்ளோ சார்ஜ் கீதுன்னு நூத்துக்கு இவ்ளோன்னு காட்டும். ஒரு ராத்திரி போய்ட்டு வா. பேட்டரி செத்தா, வேற புதுசு தர்றேன், கால்ல உழறேன். சாவலன்னா, துர்காவ அனுப்பணும்" என்றான் சக்கரபாணி.

"கால்லலாம் உழ வேணாம். வேட்டி அழுக்காயிடும், கடை வச்சிகினு கீறவரு" என்றான் வெற்றிவேல். கூட இருந்த அய்யப்பன் சிரித்தான். அவன் போட்டில் வலை இழுக்கிறவன்; முதலாளி எதற்குச் சிரிப்பானோ அதற்கெல்லாம் சிரிப்பான். "ஆனா பேச்சு பேச்சுதான். மீட்டர் நல்லாக் காட்டுச்சின்னா இட்டுகினு போங்க. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

சக்கரபாணி பேட்டரியைக் கழற்றாமல் போட்டிலேயே வைத்து முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தான். இதில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். கையகலப் பித்தளைக் கட்டை ஒன்று உண்டு, அதற்கு ஷன்ட் என்று பேர். பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டியிருக்கும் வயர் அத்தனையையும் கழற்றி, அந்தக் கட்டையின் ஒரு பக்கம் முறுக்கிவிட்டு, மறு பக்கத்திலிருந்து ஒற்றை வயரை மட்டும் பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற கரண்ட், வருகிற கரண்ட் எல்லாம் அந்தக் கட்டை வழியாகத்தான் போய்வர வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு போகிற கரண்ட் மீட்டரின் கண்ணில் படாது. ஊருக்குப் பின்பக்கமாக வண்டிப்பாதை இருந்தால் செக்போஸ்ட் வைத்து என்ன பிரயோஜனம், அந்த மாதிரி.

இன்ஜின் வயர், டைனமோ, வயர்லெஸ், ஜி.பி.எஸ்., மேல்விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினான். கடைசியாக, மைனஸ் முனையில் யாரோ கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்த ஒரு சிவப்பு வயர் மிஞ்சியது. ஸ்பேனரை அதில் வைத்ததுதான் தாமதம், வெற்றிவேல் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"அதுல கைய வைக்காத. சாமி வௌக்கு."

போட்டின் முன்முனையான அணியத்தில் அம்மன் படத்துக்கு மேலே எரிகிற விளக்கு அது. போட் இறக்கிய அன்று துர்கா கையால் ஏற்றியது. போட் உடைபடுகிற வரைக்கும் அணையக் கூடாது என்பது அந்தக் கரையின் கட்டு. அதனால்தான் அதற்கு சுவிட்சே கிடையாது, நேராக பேட்டரியிலிருந்து வயர். முதலில் சின்ன பல்புதான் இருந்தது. ஆடியில் நல்ல மீன்பாடு கிடைத்தபோது, அம்மனுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும் என்று காரின் பிரேக் லைட் பல்பை மாட்டிவிட்டான் வெற்றிவேல். இரவும் பகலும், கரையிலும் கடலிலும் அது எரிந்துகொண்டே இருந்தது.

பேட்டரியைத் தின்கிற பேய் எது என்று சக்கரபாணிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

"அணைச்சன்னா கை இருக்காது, மச்சான். கரையேறுனவங்களுக்கு சாமி இல்லாம இருக்கலாம். எங்களுக்கு கீது" என்றான் வெற்றிவேல்.

ஒரு துண்டு வயரை இணையாகப் பிடித்துக்கொண்டு மாற்றியிருந்தால் விளக்கு இமைக்கக்கூட இமைத்திருக்காது. கடையில் எத்தனையோ வண்டிக்கு அப்படிச் செய்திருக்கிறான். இந்த வயரும் மீட்டர் வழியாகப் போகாவிட்டால் காட்டுகிற கணக்கு பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாய் வரவில்லை. இவனிடம் போய்க் கெஞ்சி விளக்குவதா என்று ஒரு ரோஷம். அதைவிட மோசமானது ஒன்று அடியில் இருந்தது. இந்த வயர் கணக்கில் வராவிட்டால் மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும். கூடுதலாகக் காட்டினால் ஜெயிப்பது தான்தான்.

"சரி, நான் ஏன் தொடறேன்" என்று சிவப்பு வயரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டான். மீட்டரில் பேட்டரியின் அளவைப் பதிந்து, நூறு என்று வைத்துக் கொடுத்தான்.

போட் அன்று சாயங்காலம் போய் மறுநாள் காலை வந்தது. முழு சார்ஜோடு போன பேட்டரி ஒரு ராத்திரியைத் தாங்காமல் என்ன செய்யும்? செல்ஃப் ஒரே திருப்பில் எடுத்தது. மீட்டர் எண்பதுக்கு மேலே காட்டியது. வெற்றிவேலுக்கு முகம் சுண்டிப்போனாலும் சொன்ன சொல்லை விழுங்கவில்லை. அந்த வாரமே கைநிறைய வளையல் அடுக்கி, சித்ரான்னங்கள் கிளறி, துர்காவை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏறுகிறபோது சக்கரபாணிக்கு இருந்த தலைக்கனத்துக்கு ஆட்டோவின் கூரையே போதவில்லை.

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது துர்கா சிரித்துக்கொண்டே பேசினாள்.

"நீ வச்ச மீட்டர அவருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சிண்ணா. ஒங்கிட்ட சொல்ல மாட்டாரு, வீம்பு. முன்னெல்லாம் சாமி வௌக்கு மங்குனா வலைய வாரிக்கினு வந்துடுவாரு. இனிமே அதெல்லாம் இன்னாத்துக்கு, அதான் மீட்டர் கீதேன்றாரு. இன்னிக்கி ஆழத்துக்குப் போறாங்க. மூணு ராத்திரி தங்கல். மத்த போட்டுங்க போவாத எடமாம்."

சக்கரபாணி மனசுக்குள் கணக்குப் போட்டான். மூன்று ராத்திரி. கரண்ட் இல்லாமல், வயர்லெஸ் இல்லாமல், கூவிக் கூப்பிட ஒரு போட்டும் இல்லாத ஆழம். மீட்டரோ அங்கேயும் அறுபது, எழுபது என்று பல்லைக் காட்டிக்கொண்டே இருக்கும். இவ்வளவு தூரம் அவன் யோசிக்கவே இல்லை. வெற்றிவேல் மூக்கை உடைக்க வேண்டும் என்பதைத் தாண்டி அவன் புத்தி போகவே இல்லை.

"போன் போடு அவனுக்கு" என்றான்.

"போன வூட்லயே வச்சிட்டுத்தான போவாரு. ஏண்ணா?"

மனிதன் கெட்டவனாக இருப்பதுகூடச் சுலபம்தான். தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இருப்பதுதான் கஷ்டம். எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னான். துர்கா முழுக்கக் கேட்டாள்.

"மீட்டர மாட்டும்போதே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் முன் சீட்டைத் தட்டினாள். டிரைவரிடம், "வண்டியத் திருப்புங்கண்ணே, ஜல்தி" என்றாள்.

போட்டை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துர்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி, கத்திக் கூப்பிட்டாள். போகிற போட்டைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று வெற்றிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"அண்ணன் ஒரு வயர மாத்த மறந்துட்டுதாம். மாத்துனாத்தான் மீட்டர் சரியாக் காட்டுமாம். இல்லாட்டி ஆழத்துல பேட்டரி செத்துருமாம்" என்றாள் துர்கா.

வெற்றிவேல் சக்கரபாணியை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான்.

"மறந்துட்டாரா! டேய் அய்யப்பா, கேட்டியா? கடைக்காரரு வயரு மாட்ட மறந்துட்டாராம்! இதுக்குத்தான் போர்டு மாட்டி கடை வச்சிகினு கீறாரு!"

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மீன்கூடைப் பெண்கள் சிரித்தார்கள். சக்கரபாணி தலைநிமிராமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, போட்டில் ஏறி, ஒரு துண்டு வயரை இணையாகப் பிடித்துக்கொண்டு சிவப்பு வயரைக் கட்டைக்கு மாற்றினான். விளக்கு இமைக்கவில்லை. பேட்டரியைத் திரும்ப சார்ஜ் ஏற்றி, நூறில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இந்த பல்பு எரிகிறவரை ஆழத்தில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காதே என்றான். வெற்றிவேல் தலையாட்டினான். ஜெயித்துவிட்டவன் முகத்தில் இருக்கிற தாராளம் அவன் முகத்தில் இருந்தது.

"வுடுங்க மச்சான். மறதி எவனுக்குத்தான் இல்ல. இன்னிக்கி நான் போவல. நீங்க துர்காவ இட்டுகினு கெளம்புங்க, வெயில் ஏறுது. பேச்சு பேச்சுதான்."

"நான் போவல" என்றாள் துர்கா.

"இன்னாடி இது பேஜாரு? நாந்தான் போன்னு சொல்றனே."

"போவலன்னா போவல. வலி வந்தா முண்டியம்பாக்கம் ஆசுபத்திரிக்கு இட்டுகினு போங்க. அங்க பெத்துக்கறேன்."

வெற்றிவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. மாசமாக இருக்கிறவளிடம் வாய் கொடுக்க வேண்டாம் என்று சார்ஜருக்கு வயர் இழுக்கப் போய்விட்டான்.

"அம்மா எல வாங்கி வச்சிகினு காத்துக்கினு இருக்குது, துர்கா" என்றான் சக்கரபாணி.

அவள் அவனைப் பார்த்தாள். புருஷன் காதில் விழாத அளவுக்குத்தான் பேசினாள்.

"அவரு கோவக்காரரு. அனுப்ப மாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நீ என்னத் தாலியறுத்து இட்டுகினு போவப் பாத்த."

வளையல்கள் குலுங்க அவள் மணலில் ஏறி வீட்டுக்குப் போனாள். மத்தியானச் சோற்று வேளை. கரையில் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ அண்ணா என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.