பார்வையாளர் பெஞ்சு

மதியத்துக்கு மேல் வலி முழங்காலுக்கு ஏறிவிடும். அதுவரை கணுக்காலோடு நிற்கும். அவள் உடம்பின் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றி, ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டினாள். கூடத்தின் இரு பக்கச் சுவர்களிலும் வாள்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிகளில் பதக்கங்கள், யாரோ ஒரு தளபதியின் சேணம், குண்டு துளைத்த தொப்பி. ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்த கட்டடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. கீழே சலவைக்கல் தரை. அதன் குளிர்ச்சி ஷூவையும் தாண்டிக் காலில் ஏறியது.

வாசலோரம் முன்பு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. கூட்டமில்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். சுற்றிப் பார்க்க வந்த பெரிய அதிகாரி ஒருவர், "ராணுவ மியூசியத்துல காவல் காக்கிறவங்க இப்படியா உக்காந்து கொட்டாவி விடுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளே எல்லாக் கூடத்து நாற்காலிகளும் கிடங்குக்குப் போய்விட்டன. சிவப்பு மெத்தை போட்ட நீளமான பெஞ்சு ஒன்றுதான் கூடத்தில் மிச்சம். அது பார்வையாளர்களுக்கு.

கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. நிற்கிற வேலையை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். வெளியே வந்ததும் அவள் கணவனிடம், "வேலைய விட்டுட்டு எதைத் திங்கிறதாம்? அதையும் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கலாம்ல" என்றாள்.

அவன் பஸ் டிரைவர். "எனக்கு உக்காந்து உக்காந்தே இடுப்பு போச்சு. உனக்கு நின்னு நின்னே கால் போச்சு. ரெண்டு பேரையும் வெட்டி ஒட்டினா ஒரு நல்ல ஆளு தேறும்" என்றான். சிரிக்க வைக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேற்பார்வையாளரிடம் ஒரு ஸ்டூலாவது போடச் சொல்லிக் கேட்டாள். பட்டாளத்தில் கிடங்குக் கணக்குப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். நடையும் அதட்டலும் பார்த்து, முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கர்னல் என்பார்கள். "உங்கள வேலைக்கு வச்சது ஏஜென்சிம்மா. அங்க கேளு" என்றார். ஏஜென்சிக்காரர், "கட்டடம் அவங்களோடது. அதுக்குள்ள நாங்க எப்படிம்மா ஸ்டூல் போட முடியும்?" என்றார். திரும்ப வந்து சொன்னாள். "அப்பப் பாரு, யாராலயும் முடியாது" என்றார் கர்னல், வழக்கு முடிந்துவிட்ட மாதிரி.

வார லீவு அன்று காலையில் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

"கிளம்புங்க. மியூசியம் பாத்துட்டு வரலாம்."

"தினம் பாக்கிறது போதாதா?"

"நான் எங்க பாத்தேன்? காவல்தானே காத்தேன்."

கவுண்டரில் இருந்த பையன், "உங்களுக்கு எதுக்குக்கா டிக்கெட்? சும்மா உள்ள போங்க" என்றான். "இல்லப்பா, கிழிச்சுக் குடு" என்று வாங்கிக்கொண்டாள். அகலமான படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினாள். முன்வாசல் வழியாக அவள் நுழைவது அதுதான் முதல் தடவை.

வாள் கூடத்தில் அன்று கூட வேலை பார்க்கும் பெரியக்கா காவலுக்கு நின்றாள். இவளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. இவள் நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி மெத்தைமேல் நீட்டினாள். பாதத்திலிருந்து ஏதோ இறங்கிப் போவது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கணவன் பீரங்கிக் குண்டுகளைப் பார்த்துவிட்டு, "இதத் தூக்கிச் சுமந்தவனுக்கும் இடுப்பு போயிருக்கும்" என்றான். பெரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத்தான் கர்னல் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? எழுந்திரு."

அவள் காலை இறக்கினாள். ஆனால் எழவில்லை. டிக்கெட்டை நீட்டினாள். "இன்னிக்கு எனக்கு லீவு சார். காசு குடுத்து வந்திருக்கேன்."

"ஸ்டாஃப் இந்த பெஞ்சுல உக்காரக் கூடாது. தெரியுமில்ல?"

"டிக்கெட் வாங்கினவங்க உக்காரக் கூடாதுன்னு எங்க சார் போட்டிருக்கு?" என்று கணவன் குறுக்கே வந்தான்.

"நீங்க தாராளமா உக்காருங்க சார்" என்றார் கர்னல், மரியாதையாக. "உங்களுக்காகப் போட்டதுதான். இவங்கதான் உக்காரக் கூடாது."

கணவன் பெஞ்சையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அசையவில்லை. "நான் எந்திரிக்க மாட்டேன் சார்" என்றாள்.

கர்னல் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. பெரியக்கா பக்கம் திரும்பினார். "டூட்டி நேரத்துல என்ன இளிப்பு? கண்ணு முன்னாடி இது நடக்குது, பாத்துக்கிட்டு நிக்கிற. இன்னிக்கு உனக்கு ஆப்சென்ட்."

"சார், நான் என்ன சார் பண்ணேன்?" என்றாள் பெரியக்கா. அவளுக்கும் கால் வீங்கித்தான் இருந்தது.

பெஞ்சிலிருந்து இவள் எழுந்துவிட்டாள். "அக்காவ விட்டுடுங்க சார். நாங்க போறோம்." செருப்பு சட்டென்று காலில் மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கூடத்தைத் தாண்டினாள். வெளியே வந்ததும் கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஒண்ணும் பேசாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்தபோது பெஞ்சு இல்லை. அது கிடந்த இடத்தில் மட்டும் தரை கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. பெஞ்சும் நாற்காலிகளைப் போலக் கிடங்குக்குப் போயிருந்தது. பெரியக்கா பக்கத்துக் கூடத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியான வாக்கில் ஒரு வயசானவர் தனியாக வந்தார். கையில் ஊன்றுகோல். பாதிக் கூடம் பார்ப்பதற்குள் மூச்சு வாங்கியது. சுற்றுமுற்றும் தேடிவிட்டு, வாள்களுக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்தார். தூரத்து வாசலில் கர்னல் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் வேகமாக நடந்து போனாள்.

"சுவத்துல சாயக் கூடாது சார்."

"அப்ப எங்கம்மா உக்கார்றது?"

"உள்ள இடமில்ல சார். வெளிய படிக்கட்டுல..."

"அதுவரைக்கும் நடக்க முடிஞ்சா நான் ஏன் இங்க சாயறேன்?" அவர் குரல் கூடம் முழுக்க எதிரொலித்தது. "இவ்ளோ பெரிய கட்டடம். வர்றவன் உக்கார ஒரு பலகை போட்டா குறைஞ்சா போயிடுவீங்க? மனுஷங்கதானா நீங்கல்லாம்?"

கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். அவர் முழங்கால் ஆடியது. அவள் இன்னும் ஒரு எட்டு கிட்டே வந்து, "என்னப் புடிச்சுக்குங்க" என்றாள்.

அவர் முறைத்தபடியே கையை அவள் தோளில் வைத்தார். மெல்ல மெல்ல உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் கையில் இறக்கினார். அவள் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்று, அதைத் தாங்கிக்கொண்டாள்.