வளையத்துப் பச்சைப் புள்ளி

பாக்குவெட்டியின் வாய்க்குள் பச்சை மணியின் மூன்றாவது துண்டை வைத்து உம்மு ஹானி மெல்ல அழுத்தினாள். அது டக்கென்று தெறித்து அடுப்படிப் பக்கம் எங்கோ ஓடிப்போனது.

"எழவெடுத்த மணி!" என்று பாக்குவெட்டியைத் தரையில் போட்டாள்.

"ஹானி…" உள்ளறையிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது. "மணி இன்னா ஆவுது?"

"இப்பத்தான வாப்பா சொன்னேன். மூணுகூட ஆவல."

"பக்கத்துல பரக்கத்தைக் கேட்டுட்டு வா."

ஹானி பல்லைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இதே பாட்டுதான். வாட்ச் அவள் மடியில் கிடக்கிறது, மணியைப் பார்த்துத்தான் சொல்கிறாள். ஆனாலும் மக்பூல் பாய்க்குப் பெற்ற மகளின் வாய் போதாது. இன்றைக்கு நேற்றா இது? சோறு வெந்துவிட்டது என்று அவள் சொன்னால், எழுந்து வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையைக் கழுவுவார். பழவேற்காடு முழுக்க இறால் கமிஷன் பார்த்த மனிதர். யார் சொன்னதையும் இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தே பழகிவிட்டார். போகட்டும், வியாபாரிகளிடம் அப்படி இருக்கலாம். ராத்திரி பகலாகப் பீ மூத்திரம் அள்ளுகிறவளிடமுமா?

அவர் நம்புவது துபாயிலிருந்து ரியாசுதீன் அனுப்பிய வாட்சை மட்டும்தான். மகன் அனுப்பியதாயிற்றே, அது பொய் சொல்லாது. கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம், கையால் திருப்பினால் கடகடவென்று சுற்றும். வளையத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. முள்ளிலும் பச்சை, இரண்டும் இருட்டில் மின்னும். வெளிச்சம் பட்டால் கண் வலிக்கிறதென்று வாப்பா அறையைப் பகலிலும் சாத்தியே வைத்திருந்தார். ஒரு வலி மாத்திரை விழுங்கியதும், அடுத்த மாத்திரைக்குச் சின்ன முள் எங்கே வரவேண்டுமோ அந்த இடத்துக்குப் புள்ளியைத் திருப்பி வைத்துக்கொள்வார். அப்புறம் இருட்டில் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். முள் புள்ளியைத் தொட்டால் மாத்திரை. அதுவரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வலியைப் பொறுத்துக்கொள்வார்.

நேற்று அவள் உடம்பு துடைத்துவிட்டபோது அந்தப் புள்ளி விழுந்து தொலைந்தது. பாயை உதறினாள், தரையைக் கூட்டிச் சலித்தாள், கிடைக்கவில்லை.

"நீதான் பேத்துட்டே," என்றார் வாப்பா.

"முள்ளு பளபளன்னுதான கீது? அதைப் பாத்துக்கங்களேன்."

"முள்ளு மட்டும் தெரிஞ்சு இன்னா புண்ணியம்? எதுவரைக்கும் போவணும்னு தெரிய வேணாமா?"

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. ஆச்சா, ஆச்சா என்று ராத்திரியெல்லாம் கேட்டார். ஆகவில்லை என்றால், மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு கொல்லுகிறாள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நேரத்துக்கு முன்னால் கொடுத்தால் மூச்சே அடங்கிப்போகும் என்று பொன்னேரி டாக்டர் சொல்லியிருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வாள்?

புள்ளியை எப்படியாவது ஒட்டிக் கொடுத்துவிட்டால் தன்னை விட்டுவிடுவார் என்று பட்டது. விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பரக்கத் பீவியிடம் போய் நின்றாள். பரக்கத் பீவி ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கிவந்த தஸ்பீஹ் மணிமாலை இருட்டில் பச்சையாக மின்னும். கேட்கவே கூச்சமாக இருந்தது. அந்த அம்மாள் நூலைப் பிரித்து ஒரு மணியை உருவிக் கொடுத்துவிட்டு, "ஒண்ணு கொறைஞ்சா அல்லா இன்னா எண்ணிப் பாக்கவா போறான்? எடுத்துட்டுப் போடி," என்று சிரித்தாள்.

மீதியிருந்த துண்டை ஹானி அம்மியில் தேய்த்தாள். விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சம், வளையத்துக் குழி எள்ளளவு, துண்டோ உளுந்தளவு. மறுபடி தேய்த்தாள். ஒருவழியாகக் குழிக்குள் உட்கார்ந்தது. சைக்கிள் கடை சொல்யூஷனை வைத்தால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு துண்டு அவள் விரலிலேயே ஒட்டியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கேயோ குளுகுளுவென்று உட்கார்ந்து வாட்ச் அனுப்புகிறவனுக்கு இதெல்லாம் தெரியுமா? தன் மகளின் கியூடெக்ஸ் நகப்பூச்சு சீசாவைத் தேடி எடுத்து, ஈர்க்குச்சியால் குழிக்குள் ஒரு சொட்டு விட்டாள். நாக்கில் நனைத்த குச்சிநுனியில் துண்டை ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள்.

"ஹானி… அஸர் பாங்கு சொல்லிட்டாங்களா?"

பிற்பகல் தொழுகையான அஸருக்குத்தான் அடுத்த மாத்திரை. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை, பள்ளிவாசல் மைக் செத்துக் கிடந்தது. வெறும் தொண்டையால் சொன்னாலும் வாடைக்காற்று குரலை அந்தப் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். துண்டு சாய்ந்தது. குச்சியால் நிமிர்த்தினாள்.

"ஹானி, ஆச்சாம்மா?"

"இன்னும் இல்ல வாப்பா," என்றாள், தலையைத் தூக்காமல்.

பரக்கத்தைக் கேள் என்பார், இல்லை கத்துவார் என்று காத்திருந்தாள்.

"சரிம்மா," என்றார் வாப்பா. "நீ சொன்னா சரி."

குச்சி அவள் கையில் அப்படியே நின்றது. தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா? பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் கல்யாண வயசு வந்த பிறகு இந்த வார்த்தையைக் கேட்கிறாள். சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. கியூடெக்ஸ் காயட்டும் என்று உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே இருந்தாள். முந்தானைக்குள் வாட்சை மூடி எட்டிப் பார்த்தாள். புள்ளி பச்சையாக எரிந்தது. அதை அஸருக்குத் திருப்பி வைத்து அவர் கையில் கட்டிவிடலாம் என்று வாட்சை வெளிச்சத்துக்கு நீட்டினாள்.

சின்ன முள் எப்போதோ அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பி, வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார்.

"ஆயிடுச்சு வாப்பா. எழுந்திரிங்க."

தோளைப் பிடித்துத் திருப்பி டம்ளரை உதட்டில் வைத்தாள். தண்ணீர் தாடி வழியாக இறங்கித் தலையணையை நனைத்தது.

அவள் போட்ட சத்தத்தில் முதலில் வந்தது பரக்கத் பீவி. அப்புறம் தெருவே வந்தது. தாடையைக் கட்டினார்கள். கதவைத் திறந்துவிட்டார்கள். ரியாசுதீனுக்குத் தந்தி கொடுக்க ஓர் ஆள் சைக்கிளில் போனான். குளிப்பாட்ட யார் யார் நிற்பது என்று ஆண்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹானி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை.

பரக்கத் பீவி வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"கடைசில ரொம்ப வலிச்சுதா அவருக்கு? சத்தங்கூட கேக்கலியே."

ஹானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ செஞ்சதை யாரும் செய்ய மாட்டாங்கடி. நேரம் தவறாம குடுத்தே."

பரக்கத் பீவி ஆறுதலாக அவள் கையைப் பிடித்தாள். கை இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கை வேர்வையில் மாத்திரை கரைந்து வெள்ளையாக ரேகைகளுக்குள் இறங்கியிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள், ஹானியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் முந்தானை நுனியை எடுத்து அந்தக் கையைத் துடைக்கத் தொடங்கினாள்.